படிப்பு விவரங்களைத் திறந்த தரவாக்கும் பணியில் கற்றுக்கொண்டவை

ஒரு படிப்பின் பெயர், அதன் காலம், சேரத் தேவையான தகுதி, கட்டணம், விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகியவை ஒரே பல்கலைக்கழகத்துக்குள் பல இடங்களில் தனித்தனியாக எழுதப்படுகின்றன. சேர்க்கைக் கையேட்டிலும், துறையின் இணையப் பக்கத்திலும், விண்ணப்ப மென்பொருளிலும், கால அட்டவணை மென்பொருளிலும், ஒழுங்குமுறை அமைப்புக்கு அனுப்பும் ஆண்டறிக்கையிலும் அவை இடம்பெறுகின்றன. ஒவ்வொன்றையும் எழுதுபவர் வேறு. அவர்களுக்குள் அறிமுகமே இல்லாமலும் இருக்கலாம். நான் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் இவற்றை ஒரே பதிவாக்கி, பொதுத் தரநிலைக்கு இணங்க அமைத்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவாக வெளியிடும் பொறுப்பு எங்கள் சிறு குழுவிடம் வந்தது. அதில் தெரிந்துகொண்டவற்றை, இதே பணியைத் தொடங்கவிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். எம்ஐடி நிறுவனம் 2001இல் அறிவித்த திறந்த பாடப்பொருள் திட்டம் போன்றவை விரிவுரைக் குறிப்புகளையும் பயிற்சிகளையும் உலகுக்குத் திறந்து வைத்தன. நான் பேசுவது அதைப் பற்றியன்று. என்னென்ன படிப்புகள் உள்ளன, எங்கே, எப்போது, யாருக்கு, என்ன கட்டணத்தில் நடத்தப்படுகின்றன என்னும் விவரங்களைப் பற்றியே பேசுகிறேன். அறிவுச் செல்வத்தோடு ஒப்பிட்டால் இது எளிய செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், வழிகாட்ட யாருமில்லாத வீட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் வாழ்வின் பெரிய முடிவை எடுப்பது இந்த விவரங்களை வைத்துத்தான். அவை தவறாகவோ, ஒப்பிட முடியாத வடிவிலோ இருந்தால் அதன் இழப்பு அவருக்கே போய்ச் சேர்கிறது.

எந்தக் கோப்பு வடிவம், எந்த மென்பொருள் என்ற கேள்விகளோடுதான் இத்தகைய பணிகள் பெரும்பாலும் தொடங்குகின்றன. அவற்றைச் சில காலம் ஒத்திவைத்துவிட்டு, ஒவ்வொரு தகவலும் எங்கே பிறக்கிறது என்று தேடிப் போவதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். படிப்பின் பெயரையும் வழங்கப்படும் பட்டத்தையும் கல்விக்குழு முடிவு செய்கிறது. கட்டணத்தை நிதிப்பிரிவு முடிவு செய்கிறது. கடைசி நாளைச் சேர்க்கைப் பிரிவும், வகுப்பு நடக்கும் வளாகத்தைக் கால அட்டவணைப் பிரிவும், விளக்க உரையைத் துறையும் முடிவு செய்கின்றன. நாங்கள் ஒரு விரிதாளில் ஒவ்வொரு தகவல் கூறுக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதை முடிவு செய்பவர் யார், தட்டச்சு செய்பவர் யார், ஆண்டில் எப்போது மாறுகிறது, மாறினால் யாருக்குச் சொல்லப்படுகிறது என்று நான்கு கேள்விகளுக்கும் பதில் எழுதினோம். முடிவு செய்பவரும் தட்டச்சு செய்பவரும் வெவ்வேறு அலுவலகங்களில் இருந்த இடங்களில்தான் பிழைகள் மிகுதியாக இருந்தன. கட்டணம் திருத்தப்பட்ட செய்தி நிதிப்பிரிவின் சுற்றறிக்கையாகப் போகும். அதைப் பார்த்துத் தன் இணையப் பக்கத்தை மாற்றும் கடமை துறையில் எவருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்காது. குற்றம் எந்தத் தனி மனிதருடையதும் அன்று. அந்தத் தகவலுக்கு ஓர் உரிமையாளர் குறிக்கப்படவே இல்லை என்பதுதான் குறை.

அந்த விரிதாள்தான் பின்னால் வந்த அனைத்துக்கும் அடித்தளமாயிற்று. எந்தக் கூறுக்கு உரிமையாளர் பெயர் எழுத முடியவில்லையோ, அதை முதல் வெளியீட்டில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். குறைவான கூறுகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பேற்க ஒருவர் இருக்கும் பதிவு, யாரும் பொறுப்பேற்காத கூறுகள் நிறைந்த பதிவைவிட மேலானது.

அடுத்து வந்தது, எதை ஒரு பதிவாகக் கொள்வது என்னும் கேள்வி. ஒரு முதுநிலைப் பட்டப்படிப்பு முழுநேரமாகவும் பகுதிநேரமாகவும் நடக்கலாம். ஒரே ஆண்டில் இருமுறை சேர்க்கை இருக்கலாம். ஒன்று வளாகத்திலும் மற்றொன்று தொலைநிலையிலும் நடத்தப்படலாம். இவற்றை நான்கு படிப்புகள் என்று துறை எண்ணும்; பட்டம் ஒன்றே ஆதலால் தேர்வுப் பிரிவு ஒன்றென்றே எண்ணும். இரண்டு எண்ணங்களுக்கும் நியாயம் உண்டு. இந்தச் சிக்கலை நாங்கள் புதிதாகத் தீர்க்க வேண்டியிருக்கவில்லை. பிரிட்டனில் 2005 முதல் வளர்க்கப்பட்ட எக்ஸ்சிஆர்ஐ, பின்னர் எக்ஸ்சிஆர்ஐ கேப் என்ற பெயரில் படிப்பு விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் வடிவமாகி, 2012இல் பிஎஸ் 8581 என்னும் பிரிட்டிஷ் தரநிலையாயிற்று. ஐரோப்பிய அளவில் இஎன் 15982 என்னும் தரநிலை 2011இல் வந்தது. இந்த மரபின் மையக் கருத்து ஒன்றுதான்: வழங்கும் நிறுவனம், படிப்பு, அந்தப் படிப்பின் குறிப்பிட்டதொரு வழங்கல் (ஒரு குறிப்பிட்ட காலத்தில், இடத்தில், முறையில் அதை நடத்துவது) என்று மூன்று அடுக்குகளைப் பிரித்து வைக்க வேண்டும். தேடுபொறி நிறுவனங்கள் 2011இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் சொல்தொகுதியும் படிப்பையும் அதன் வழங்கலையும் இதே முறையில் தனித்தனியாக வைக்கிறது.

இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டதும் பல வாக்குவாதங்கள் தாமாகவே அடங்கின. பெயர், பட்டம், கற்றல் நோக்கம் ஆகியவை படிப்பைச் சேர்ந்தவை. தொடங்கும் நாள், வளாகம், கட்டணம், கடைசி நாள் ஆகியவை வழங்கலைச் சேர்ந்தவை. சேர்க்கைத் தகுதி எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் நீண்ட விவாதம் நடந்தது. பகுதிநேர வழங்கலுக்குப் பணி அனுபவம் கூடுதலாகக் கேட்கப்படும் படிப்புகள் இருந்ததால், பொதுத் தகுதியைப் படிப்பிலும், கூடுதல் நிபந்தனை இருந்தால் அதை வழங்கலிலும் வைத்தோம். முழுப் பட்டப்படிப்பையும் அதற்குள் அடங்கும் தனிப் பாடத்தையும் ஒரே வகைப் பதிவாகக் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பும் ஒரு பருவத்துப் பாடமும் ஒரே பட்டியலில் அருகருகே நின்றால் தேடும் மாணவர் குழம்பிப் போவார்.

தரநிலை ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, நம் பல்கலைக்கழகத்தின் தனிச்சிறப்பு எதுவும் அதில் அடங்கவில்லை என்ற குறை எழாமல் இராது. அதற்காகச் சொந்த வடிவம் ஒன்றை உருவாக்கத் தோன்றும் ஆவலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. பொதுவான கூறுகளைத் தரநிலையில் உள்ளபடியே வைத்துக்கொண்டு, நமக்கென்று தேவைப்படும் சிலவற்றைத் தனிப் பெயரில் கூட்டிக்கொள்ளலாம். நாம் கூட்டியவற்றைப் புறக்கணிக்கும் ஒரு மென்பொருளும் எஞ்சியவற்றைப் பிழையின்றிப் படிக்க முடிய வேண்டும்.

அடையாளக் குறியீடு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் திறந்த தரவைப் பயன்படுத்துபவர் முதலில் நம்புவதும் அதைத்தான், உள்ளே இருப்பவர்கள் எளிதாக மாற்றிவிடுவதும் அதைத்தான். துறையின் பெயர்ச்சுருக்கத்தைக் கொண்டு அமைந்த குறியீடுகள், இரு துறைகள் இணைக்கப்பட்ட நாளில் பொருளற்றுப் போகின்றன. நிறுத்தப்பட்ட படிப்பின் குறியீட்டைச் சில ஆண்டுகள் கழித்துப் புதிய படிப்புக்குக் கொடுக்கும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. வெளியே பழைய பதிவைச் சேமித்து வைத்திருப்பவருக்கு அது வேறொரு படிப்பைக் காட்டும். ஆகவே எந்தப் பொருளும் ஏறாத ஓர் எண்ணைக் குறியீடாகக் கொடுத்து, அதை நிலையான இணைய முகவரியாக அமைத்து, ஒருமுறை கொடுத்ததை எக்காலத்திலும் வேறொன்றுக்குக் கொடுப்பதில்லை என்று கல்விக்குழுவின் ஒப்புதலோடு விதியாக்கினோம். துறைகள் பழகிய பழைய குறியீடு தனிக் கூறாகத் தொடர்ந்தது. அதை ஒழிக்க முயல்வது வீண் பகையையே தரும். நிறுவனத்தைக் குறிக்க, ஆய்வு நிறுவனங்களுக்கான ஆர்ஓஆர் பதிவேட்டின் அடையாளத்தைச் சேர்த்தோம். 2019இல் தொடங்கிய அப்பதிவேடு திறந்த தரவாகவே கிடைக்கிறது. ஒத்த பெயருடைய பல்கலைக்கழகங்கள் உலகில் பல இருப்பதால், பெயரை மட்டும் நம்பியிருப்பது போதாது.

இனி மதிப்புகள். தேதியை எழுதும் முறை மிகச் சிறிய செய்தி போலத் தோன்றும். 03/04/2025 என்பது ஓரிடத்தில் ஏப்ரல் 3 என்றும், மற்றோரிடத்தில் மார்ச் 4 என்றும் படிக்கப்படும். ஐஎஸ்ஓ 8601 என்னும் பன்னாட்டுத் தரநிலையின்படி 2025-04-03 என்று எழுதினால் ஐயத்துக்கு இடமில்லை. கடைசி நாளுக்கு இதுவும் போதாது. 'ஜூலை 15 நள்ளிரவு வரை' என்று எழுதினால், அது 15ஆம் நாள் தொடங்கும் நள்ளிரவா முடியும் நள்ளிரவா என்று கேட்பவர் உண்டு. தொலைநாட்டிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு எந்த ஊரின் நேரம் என்ற கேள்வியும் எழும். எனவே 23:59 என்று மணியையும் நேர வலயத்தையும் சேர்த்தே வெளியிட்டோம். கடைசி நாள் இல்லாத படிப்புகளும் உண்டு. கடைசி நாள் இன்னும் முடிவாகாத படிப்புகளும் உண்டு. இரண்டையும் வெற்றிடமாகவே விட்டால், ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம் என்ற செய்தியும், பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்ற செய்தியும் ஒன்றாகிவிடும். பொருந்தாது, முடிவாகவில்லை, தரப்படவில்லை ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுவது பயனருக்குச் செய்யும் பெரிய உதவி.

படிப்பின் கற்றல் அளவைக் காட்டும் அலகும் (கிரெடிட்) அத்தகையதே. ஐரோப்பிய இசிடிஎஸ் முறையில் முழுநேரக் கல்வியாண்டு 60 அலகுகள் கொண்டது. ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி நேரக் கற்றல் என்று கணக்கு. பிரிட்டனின் முறையில் ஓர் அலகு 10 மணி நேரம் என்ற கணக்கில் முழுநேர இளநிலைக் கல்வியாண்டு 120 அலகுகள் கொண்டது. வெறும் 120 என்று எழுதினால் ஒருவர் ஓராண்டு என்றும் மற்றவர் ஈராண்டு என்றும் புரிந்துகொள்வர். எண்ணோடு அது எந்த முறையைச் சேர்ந்தது என்பதையும் எழுத வேண்டும். கட்டணத்துக்கும் இதுவே விதி: தொகையோடு நாணயக் குறியீடு, அது ஓராண்டுக்கா பருவத்துக்கா முழுப் படிப்புக்கா என்பது, எந்தப் பிரிவு மாணவருக்கு என்பது ஆகிய அனைத்தும் சேர்ந்தால்தான் அது ஒரு தகவல்.

பாடத்துறையைக் குறிக்க யுனெஸ்கோவின் ஐஎஸ்சிஇடி எஃப் 2013 வகைப்பாட்டைப் பயன்படுத்தினோம். அதில் கணிதத்துக்கு 0541, புள்ளியியலுக்கு 0542, மென்பொருள் உருவாக்கத்துக்கு 0613 என்று நான்கிலக்கக் குறியீடுகள் உள்ளன. பல்துறைப் படிப்புகளுக்கு ஒரு முதன்மைக் குறியீடும், தேவையானால் துணைக் குறியீடுகளும் கொடுத்தோம். வகைப்பாட்டின் பெயரையும் ஆண்டையும் உடன் எழுதுவது அவசியம், வகைப்பாடுகள் மாறுகின்றன. பிரிட்டன் நெடுங்காலம் பயன்படுத்திய ஜாக்ஸ் முறை 2019-20 கல்வியாண்டில் ஹீகாஸ் என்னும் புதிய முறைக்கு வழிவிட்டது. விரிதாள் மென்பொருள்கள், காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பான சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது 0541 என்பதை எண்ணாகக் கருதி முன்னிருக்கும் சுழியை நீக்கி 541 ஆக்கிவிடுவதும் வழக்கம். இப்படிச் சிதைந்த கோப்பை யாரோ ஒருவர் சேமித்துத் திருப்பி அனுப்பும் நாள் கட்டாயம் வரும் என்பதால், குறியீடுகளை எண்ணாக அன்றி உரையாகவே கையாள வேண்டும் என்பதைக் கோப்போடு தரும் விளக்கத்தில் முதல் வரியாக வைப்பது நல்லது.

சேர்க்கைத் தகுதியே எல்லாவற்றிலும் கடினமானது. 'கணிதத்தை ஒரு பாடமாகக் கொண்ட பட்டம் அல்லது அதற்கு இணையானது' என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனை நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். இணையானது எது என்பதை ஒவ்வொரு ஆண்டும் ஒரு குழு கூடி முடிவு செய்கிறது. அந்த முடிவை இயந்திரம் படிக்கும் விதிகளாக்குவது, இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டுவதாகும். கல்விக்குழு ஒப்புக்கொண்ட வாக்கியத்தை ஓரெழுத்தும் மாற்றாமல் ஒரு கூறாக வைத்து, குறைந்தபட்சக் கல்வி நிலை, கட்டாயப் பாடம், நுழைவுத் தேர்வு உண்டா இல்லையா என்ற மூன்றை மட்டும் ஒழுங்குபட்ட கூறுகளாகப் பிரித்தோம். தேடுவதற்கு அவை போதும். முடிவெடுக்க முழு வாக்கியத்தையே படிக்க வேண்டும் என்று பக்கத்திலும் கோப்பிலும் தெளிவாக எழுதினோம்.

விளக்க உரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொற்செயலியிலிருந்து ஒட்டப்பட்ட எழுத்துகளின் வடிவமைப்புக் கழிவுகளை நீக்கி, அனைத்தையும் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் வைத்தால் பெரும்பாலான தொல்லைகள் தீரும்.

உரிமம் பற்றிய கூட்டங்களில்தான் உண்மையான எதிர்ப்பு வெளிப்பட்டது. போட்டி நிறுவனங்கள் நம் தரவை எடுத்துக்கொள்ளுமே, யாராவது பழைய கட்டணத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் மாணவர் நம்மிடம்தானே சண்டைக்கு வருவார் என்று மூத்த அலுவலர்கள் கேட்டார்கள். அவை அற்பமான கவலைகள் அல்ல. முதல் கேள்விக்கு விடை எளிது: இந்த விவரங்கள் ஏற்கெனவே கையேட்டில் அச்சாகி எல்லோர் கையிலும் இருக்கின்றன. இரண்டாவது கேள்விக்கு, தரவைத் திறக்காமல் விடுவது தீர்வாகாது என்பதை விளக்கினோம். படிப்பு வழிகாட்டித் தளங்கள் நம் பக்கங்களை நிரல் கொண்டு சுரண்டியோ கையால் நகலெடுத்தோ பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தன. பழைய கட்டணம் உலவியதற்கே அதுதான் காரணம். ஒவ்வொரு பதிவிலும் கடைசியாகத் திருத்தப்பட்ட நாளையும், எந்த நாள் வரை செல்லும் என்பதையும் சேர்த்து, நம்பகமான கோப்பை நாமே கொடுத்தால், நகலெடுப்பவருக்கும் அதுவே எளிய வழியாகிவிடும்.

வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாமே என்ற யோசனை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் எழும். அதை ஏற்கக் கூடாது என்பது என் திடமான கருத்து. விளம்பர வருவாயில் இயங்கும் ஒரு வழிகாட்டித் தளம்கூட அந்த நிபந்தனையால் விலகி நிற்கும். மாணவருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி நின்றுவிடும். மேலும், அத்தகைய தடையுடைய தரவு பொதுவாக ஏற்கப்பட்ட வரையறையின்படி திறந்த தரவே ஆகாது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பிஒய் 4.0, எந்த நிபந்தனையும் இல்லாத சிசி0 ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர்வது பொருத்தம். நாங்கள் படிப்பு விவரங்களுக்கு முதலாவதைத் தேர்ந்தோம். இலச்சினையும் நிழற்படங்களும் அந்த உரிமத்துக்குள் வராது என்று தனியாக எழுதினோம். ஆசிரியர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கோப்பிலிருந்து நீக்கி, தொடர்புக்கு அலுவலகத்தின் பொது முகவரியை மட்டும் வைத்தோம்.

வெளியீட்டு வடிவங்களில் ஆடம்பரம் தேவையில்லை. முழுத் தொகுப்பையும் ஒரே முறையில் இறக்கிக்கொள்ள ஒரு சிஎஸ்வி கோப்பும் நிரல்கள் எளிதில் படிக்கும் ஒரு ஜேசன் கோப்பும், ஒவ்வொரு படிப்பின் பக்கத்திலும் தேடுபொறிகளுக்காக ஸ்கீமா.ஆர்க் முறையில் பதிக்கப்பட்ட தரவும் இருந்தால் பெரும்பாலோரின் தேவை நிறைவேறும். நிரல்கள் வழியே தரவைக் கேட்டுப் பெறும் ஏபிஐ மட்டும் கொடுத்து முழுக் கோப்பைக் கொடுக்காமல் இருப்பது, நிரல் எழுதத் தெரியாத பள்ளி வழிகாட்டி ஆசிரியரை வாசலிலேயே நிறுத்துவதாகும்.

இவை அனைத்தையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. பல்கலைக்கழகம் தன் சொந்தத் தேவைக்கு நம்பியிராத தரவை வெளியாருக்கு மட்டும் திறந்து வைத்தால், அது விரைவில் பழசாகிப் பயனற்றுப் போகும். ஆகவே துறைகளின் படிப்புப் பக்கங்களில் தட்டச்சு செய்யும் வசதியையே நீக்கி, அந்தப் பக்கங்கள் திறந்த கோப்புக்கு ஆதாரமான அதே பதிவிலிருந்து உருவாகும்படி மாற்றினோம். தொடக்கத்தில் துறைகள் இதை விரும்பவில்லை. தம் பக்கத்தின் மீது தமக்கிருந்த உரிமை பறிக்கப்பட்டதாகவே கருதின. ஆனால் விளைவு உடனே தெரிந்தது. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கோப்பில் தகுதி தவறாக இருந்தால் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்; பேராசிரியர் தம் துறையின் பக்கத்திலேயே அந்தத் தவற்றைக் கண்டால் அன்றைக்கே தொலைபேசியில் அழைப்பார். அழைப்பு வந்ததும் நாங்கள் திருத்திக் கொடுத்துவிடாமல், அந்தக் கூறின் உரிமையாளர் யார் என்று சொல்லி அவரிடமே அனுப்பினோம். இரக்கமற்ற செயலாகத் தோன்றினாலும், மூலத்தில் திருத்தம் நிகழ இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. தொடங்கும் நாளுக்குப் பின்னால் வரும் கடைசி நாள், கட்டணம் இல்லாத வழங்கல், உடைந்த இணைப்பு ஆகியவற்றை இரவுதோறும் தேடும் ஒரு சரிபார்ப்பு நிரலையும் எழுதினோம். அதன் அறிக்கை எங்கள் குழுவுக்கு வராமல் நேரே உரிமையாளருக்கே போயிற்று.

நிறுத்தப்பட்ட படிப்புகளை என்ன செய்வது என்பது கடைசியாகத்தான் பேச்சுக்கு வந்தது. முன்னதாகவே பேசப்பட வேண்டியது அது. சேர்க்கை முடிந்த படிப்பின் பக்கத்தை நீக்கிவிடுவது இணையப் பிரிவின் இயல்பு. ஆனால் அந்தப் படிப்பை முடித்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்து வேறு நாட்டிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ தம் பட்டத்துக்கு ஏற்பு கேட்கும்போது, அப்படிப்பின் காலம், அலகுகள், நிலை ஆகியவற்றுக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். பழைய கையேட்டைத் தேடிச் சான்றளிப்பதற்குத் தேர்வுப் பிரிவில் கணிசமான உழைப்பு செலவாகிக்கொண்டிருந்தது. எனவே எந்தப் பதிவையும் அழிக்காமல், புதிய சேர்க்கை இல்லை என்ற நிலைக்குறிப்போடு அதே முகவரியில் நிறுத்தி வைத்தோம். ஒவ்வொரு கல்வியாண்டின் இறுதியிலும் முழுத் தொகுப்பின் நகல் ஒன்று அந்த ஆண்டின் பெயரில் தனியாகச் சேமிக்கப்பட்டு, அதுவும் அதே உரிமத்தில் வெளியாகிறது.